வெளியே போன பந்து யாருக்கு?

பழக்கூடை இரண்டு. கால்பந்து ஒன்று. முரட்டு மாணவர்கள் பதினெட்டுப் பேர். இவற்றைக் கொண்டு ஒரு புதிய விளையாட்டையே உண்டாக்கிவிட்டார் ஒருவர். கூடைப்பந்தின் தந்தையான ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அவர்.

கனடா நாட்டில் 1861-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி நெய்ஸ்மித் பிறந்தார். 1870-ல் தாயும் தந்தையும் டைபாய்டு காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். தாய்மாமன்தான் பையனை வளர்த்தார். பாதியில் படிப்பை விட்டு, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார் நெய்ஸ்மித். சில ஆண்டுகளில் மனம் மாறித் திரும்பி வந்து, மாண்ட்ரீல் நகரில் கல்லூரியிலும் தேறினார்.

மத குருவாக வேண்டியவர் அவர். ஆனால் உடற்பயிற்சியில்தான் அவருக்கு நாட்டம். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார்.

1891-ம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி. கூடத்துக்குள் தினமும் அதே உடற்பயிற்சி. மாணவர்களுக்குச் சலித்துவிட்டது. இரண்டு ஆசிரியர்கள் அவர்களை அடக்க முடியாமல் ஒதுங்கிவிட்டார்கள். அந்த வகுப்பு நெய்ஸ்மித் தலையில் விழுந்தது. புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி தலைவர் கூலிக் சொன்னார். தவணை பதினான்கே நாள்!

கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடிப் பார்த்தார்கள். காலிலும் உடம்பிலும் அடிபட்டதுதான் மிச்சம். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால்தானே மற்றவர் பாய்ந்து தள்ளுகிறார்கள்? ஓடவே கூடாது என்றால்? இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால்? இப்படி யோசித்தார் நெய்ஸ்மித். பெட்டிகள் இரண்டு கேட்டார். கட்டட ஊழியரிடம் பெட்டி இல்லை. பீச் பழக் கூடைகள்தான் இருந்தன. அவற்றைப் பத்து அடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது.

அவர் எழுதிய விதிகள் பதின்மூன்று. ஒரு நடுவர் ஆட்களைக் கவனிக்க வேண்டும். இன்னொருவர் பந்தைக் கவனித்து, அது எந்தக் கட்சிக்கு உரியது என்று சொல்ல வேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால்? வெளியே அதை யார் முதலில் தொடுகிறாரோ, அவரே உள்ளே எறியலாம். அதற்கு ஐந்து வினாடி. தாமதித்தால் பந்து எதிர்க்கட்சிக்கு. யார் முதலில் தொட்டது என்று தகராறு வந்தால், நடுவரே பந்தை உள்ளே எறிவார்.

எழுத்தில் இது நியாயமாகத்தான் தெரிந்தது. ஆட்டத்தில் வந்தது வினை. முதலில் தொட வேண்டுமே என்று எல்லாரும் பாய்ந்தார்கள். பந்து மாடியில் விழுந்தால் படிக்கட்டில் முண்டியடித்து ஏறினார்கள். எந்த முரட்டுத்தனத்தை ஒழிக்க விளையாட்டு பிறந்ததோ, அது கோட்டுக்கு வெளியே மறுபடி தலைகாட்டியது! பல இடங்களில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலையே கட்டினார்கள். கடைசியில் 1913-ல் விதியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பந்தைக் கடைசியாகத் தொட்டு வெளியே அனுப்பியவர் யார் என்று நடுவர் பார்ப்பார். அவருடைய எதிர்க்கட்சிக்கே பந்து. ஓடிப் போய்ப் பிடிப்பதில் லாபமில்லை என்றதும் தள்ளுமுள்ளு அடங்கியது. நெய்ஸ்மித் வைத்த ஐந்து வினாடி மட்டும் மாறவில்லை. இன்றும் நடுவர் அதைக் கையசைத்து எண்ணுகிறார்.

நெய்ஸ்மித் 1898-ல் மருத்துவப் பட்டம் பெற்று, கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் பயிற்சியளித்த கூடைப்பந்துக் குழு வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. விளையாட்டைப் படைத்தவருக்கே இந்தக் கதி! அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தம் விளையாட்டை வைத்துப் பணம் சேர்க்கவும் இல்லை.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்ந்தது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நிதி திரட்டி அவரை அனுப்பி வைத்தார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. மோதியவை அவர் பிறந்த கனடாவும், வாழ்ந்த அமெரிக்காவும். அமெரிக்கா 19-8 என்று வென்றது. வென்றவர்களுக்கு நெய்ஸ்மித் தம் கையாலேயே பதக்கம் வழங்கினார். மூன்று ஆண்டுக்குப் பின், 1939 நவம்பர் 28-ந் தேதி, கான்சாஸில் தமது 78-வது வயதில் காலமானார்.