வழி திறந்த வீரர்

விளையாட்டுத் திடலில் திறமைக்கே முதலிடம் என்பர். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் நிலைமை அப்படி இல்லை. பந்தை ஏந்தி ஓடுபவரின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பலர் அவருடைய தோலின் நிறத்தைப் பார்த்தனர். அத்தகைய காலத்தில் அமெரிக்கக் காற்பந்து ஆட்டக்காரராகப் புகழ்பெற்று, வெள்ளையர்கள் நிறைந்த ஓர் அணிக்குப் பயிற்றுநராகவும் உயர்ந்தவர் ஃபிரிட்ஸ் பொல்லார்ட்.

அமெரிக்கக் காற்பந்து, நாம் அறிந்த காற்பந்திலிருந்து வேறுபட்டது. ஓர் அணிக்கு 11 பேர் களமிறங்குவர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு செல்ல வேண்டும். பந்தை வைத்திருப்பவர் மீது எதிரணியினர் பாய்ந்து, அவரைக் கீழே தள்ளித் தடுப்பர். இது விதிகளுக்கு உட்பட்டதே. ஆகவே, ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்த நினைப்பவருக்கு இந்த ஆட்டத்தில் வாய்ப்புகள் மிகுதி. பொல்லார்டின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்வது அவசியம்.

பொல்லார்ட் 1894ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் என்னும் தலைவரின் நினைவாக, அவருக்கு ஃபிரெடரிக் டக்ளஸ் பொல்லார்ட் என்று பெயரிட்டனர். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானிய வம்சாவளியினர் ஃபிரிட்ஸ் என்று அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. தந்தை முடி திருத்துபவர். தாய் தையல் வேலை செய்தவர். எட்டுப் பிள்ளைகளில் பொல்லார்ட் ஏழாமவர்.

அவர்கள் குடியிருந்த ரோஜர்ஸ் பார்க் பகுதியில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பொல்லார்டின் அண்ணன்மார் காற்பந்து விளையாடியவர்கள். திடலில் கறுப்பின ஆட்டக்காரர் எப்படி நடத்தப்படுவார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனவே, தம்பிக்கு ஆட்டத்தை மட்டுமன்றி அடக்கத்தையும் கற்றுக்கொடுத்தனர். யாராவது வேண்டுமென்றே தாக்கினால் திருப்பித் தாக்கக்கூடாது. எழுந்து நின்று அடுத்த ஓட்டத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தந்த பயிற்சி. இந்தப் பாடம் பொல்லார்டுக்கு வாழ்நாள் முழுவதும் கைகொடுத்தது.

பள்ளிப் படிப்பை முடித்த பொல்லார்ட், 1915ஆம் ஆண்டு ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாணவர்களின் உடைகளைத் தேய்த்துக் கொடுத்துச் செலவுக்குப் பணம் ஈட்டினார். காற்பந்து அணியினர் முதலில் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய உயரம் ஏறத்தாழ 175 சென்டிமீட்டர். எடை 75 கிலோகிராம். உடற்கட்டு மிக்க ஆட்டக்காரர்களிடையே அவர் சிறியவராகவே தெரிந்தார். ஆயினும், பயிற்சியின்போது அவரைப் பிடிக்க முயன்றவர்கள் வெறுங்கையோடு நின்றனர். ஓடும்போதே சட்டென்று திசை மாறும் அவருடைய திறமை அணியினரின் மனத்தை மாற்றியது.

1916ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பிரவுன் அணி ஆடியது. பிற்காலத்தில் ரோஸ் பவுல் என்று புகழ்பெற்ற ஆட்டம் அது. அதற்காகச் சென்றபோது, தங்குவிடுதியில் பொல்லார்டுக்கு மட்டும் அறை தர மறுத்தனர். அவருக்கு இடமில்லை என்றால் எங்களுக்கும் வேண்டாம் என்று அணியினர் உறுதியாக நின்றனர். அதன் பின்னரே அறை கிடைத்தது. சில மாதங்களுக்கு முன்பு அவரிடம் பேசத் தயங்கியவர்களே இப்போது அவருக்காகக் குரல் கொடுத்தனர்.

மழையால் சேறான திடலில் நடந்த அந்த ஆட்டத்தில் பிரவுன் அணி 0-14 என்ற கணக்கில் தோற்றது. பொல்லார்டின் வேகம் சேற்றில் எடுபடவில்லை. எனினும், ரோஸ் பவுலில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் தம் முழுத் திறனையும் காட்டினார். பெரும் புகழ்பெற்ற யேல் அணியை 21-6 என்றும், ஹார்வர்ட் அணியை 21-0 என்றும் பிரவுன் வென்றது. இவ்விரு வெற்றிகளிலும் பொல்லார்டின் பங்கு பெரிது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவருடைய பெயரும் இடம்பெற்றது.

புகழ் வந்தபோது பொல்லார்ட் படிப்பில் கவனம் குறைந்தார். தேர்ச்சி பெறாததால் அணியில் ஆடும் தகுதியை இழந்து, பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேறினார். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ முகாம் ஒன்றில் உடற்பயிற்சிப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பின்னர், கறுப்பின மாணவர்கள் பயின்ற லிங்கன் பல்கலைக்கழகத்தில் காற்பந்துப் பயிற்றுநரானார். ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து ஆசான் என்ற நிலைக்கு அவர் எடுத்துவைத்த முதல் அடி அது.

1919ஆம் ஆண்டு, ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகர அணியில் பொல்லார்ட் சேர்ந்தார். ஏக்ரன், டயர் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் நிபுணத்துவக் காற்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று என்எஃப்எல் என்று உலகம் அறியும் தேசியக் காற்பந்து லீக் அதுவே. அதன் முதல் பருவத்தில் ஆடிய கறுப்பினத்தவர் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் பொல்லார்ட்.

ஏக்ரன் அணிக்காக ஓடியவரை அந்த ஊர் ரசிகர்களே முதலில் ஏளனம் செய்தனர். அவர் மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உடை மாற்றவில்லை. அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திடலுக்கு வந்தார். சில ஊர்களில் பார்வையாளர்கள் கற்களை வீசினர். அவர் கீழே விழுந்த பிறகும் எதிரணியினர் மேலே பாய்ந்து காயப்படுத்த முயன்றனர். அதற்கு அவர் ஓர் உத்தியைக் கண்டறிந்தார். விழுந்தவுடன் மல்லாந்து படுத்து, மிதிவண்டி ஓட்டுவதுபோல் கால்களைக் காற்றில் சுழற்றுவார். காலணியின் கூர்முனைகளைக் கண்டவர்கள் பாயத் தயங்கினர். சண்டையிடாமலேயே தம்மைக் காத்துக்கொள்ளும் வழி அது.

1920ஆம் ஆண்டில் ஏக்ரன் அணி எட்டு ஆட்டங்களில் வென்றது; மூன்று ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. புதிய சங்கத்தின் முதல் வெற்றிக் கிண்ணம் ஏக்ரனுக்குக் கிடைத்தது. ஏளனம் செய்த ரசிகர்களே ஆரவாரம் செய்தனர்.

1921ஆம் ஆண்டு பொல்லார்ட், ஏக்ரன் அணியின் பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்றார். அக்காலத்தில் ஆட்டக்காரரே பயிற்றுநராகவும் இருப்பது வழக்கம். கல்லூரியில் தாம் கற்ற ஆட்ட உத்திகளை அணியினருக்குக் கற்பித்தார். லீக்கின் வரலாற்றிலேயே முதல் கறுப்பினப் பயிற்றுநர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. உடை மாற்ற இடம் தராத சமூகத்தில், வெள்ளை ஆட்டக்காரர்கள் அவருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டு ஆடினர். பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ்பெற்ற பால் ரோப்சன், ஏக்ரன் அணியில் பொல்லார்டோடு சேர்ந்து ஆடினார். அடுத்த சில ஆண்டுகளில் மில்வாக்கி, ஹேமண்ட் ஆகிய நகரங்களின் அணிகளிலும் பொல்லார்ட் பணியாற்றினார். 1926ஆம் ஆண்டோடு லீக்கில் அவருடைய காலம் முடிவுற்றது.

அவர் திறந்த கதவு மீண்டும் மூடப்பட்டது. 1934ஆம் ஆண்டு தொடங்கி 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. தடை விதிக்கும் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால், எந்த அணியும் அவர்களைச் சேர்க்கவில்லை. பொல்லார்ட் சோர்ந்துவிடவில்லை. 1928ஆம் ஆண்டு சிகாகோவில் கறுப்பின ஆட்டக்காரர்களைக் கொண்டு ஓர் அணியை அமைத்து, வெள்ளையர் அணிகளோடு மோதச் செய்தார். பொருளாதார மந்தத்தால் அந்த அணி கலைந்தது. பிறகு, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிரவுன் பாம்பர்ஸ் என்னும் அணிக்குப் பயிற்சியளித்தார். இரு இனத்தவரும் ஒரே திடலில் சச்சரவின்றி ஆட முடியும் என்பதை மெய்ப்பிப்பதே அவருடைய நோக்கம். செய்தித்தாள் ஒன்றையும் நடத்தினார். அவருடைய மகன் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

1946ஆம் ஆண்டு லீக்கின் கதவு கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மறுபடியும் திறந்தது. ஆனால், பயிற்றுநர் பதவி அவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. பட்டம் பெறாமல் சென்ற பொல்லார்டுக்கு 1981ஆம் ஆண்டு பிரவுன் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 1986ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், தமது 92ஆம் வயதில் அவர் காலமானார். அதுவரை லீக்கில் வேறொரு கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரை அவர் காணவில்லை. 1989ஆம் ஆண்டுதான் ஆர்ட் ஷெல் என்பவர் அப்பதவியில் அமர்ந்தார்.

2003ஆம் ஆண்டு, பயிற்றுநர் பதவிகளில் சமவாய்ப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு பொல்லார்டின் பெயரில் தொடங்கப்பட்டது. தலைமைப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது, சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டும் என்ற விதியை லீக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். 2005ஆம் ஆண்டு, ஏக்ரனுக்கு அருகிலுள்ள கேன்டன் நகரின் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் பொல்லார்டின் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒருவர் திறந்த வழி, பின்வருவோர் நடந்தால்தான் பாதையாகும். பொல்லார்ட் தனியாக நடந்தார். அவருக்குப் பின் அடுத்தவர் வர 68 ஆண்டுகள் ஆயின. திறமையை மதிக்கச் சமூகம் தாமதித்தால், இழப்பு ஒருவருக்கு மட்டுமன்று. அனைவருக்கும்தான் என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.