டேக் இல்லாத நாட்களில் ஜிம் கார்பெட் என்ன செய்தார்?

யூனியன்வில்லில் என் வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வந்துவிடும். வெள்ளைவால் மான்கள் சர்வசாதாரணமாகத் திரியும் இடம். அதற்குள் வேட்டைக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஒன்டாரியோவின் மற்ற பல பகுதிகளில் உண்டு. இலையுதிர் காலம் வந்தால் ஆபீஸில் சாப்பாட்டு நேரப் பேச்சில் பாதி அதுதான். வருஷம் முழுக்க சர்வர், டேட்டாபேஸ் என்று புலம்புகிறவர்கள் திடீரென்று காற்றின் திசை, குளம்புத் தடம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம்மவர்களிலும் சிலர் இப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே மான் வேட்டை நினைத்தவுடன் கிளம்புகிற சமாச்சாரம் இல்லை. பயிற்சி வகுப்பில் தேறி, அவுட்டோர்ஸ் கார்டு எடுத்து, லைசென்ஸ் வாங்கி, அதற்கு மேல் டேக் வேண்டும். டேக் என்பது ஒரு விலங்குக்கான உரிமைச் சீட்டு. சீசனும் குறுகியது. அதனால் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும்: டேக் கைக்கு வரும் முன்பே காட்டுக்குள் போய்த் தடம் பார்க்க, மானுக்குத் தெரியாமல் நெருங்க, குரல் கொடுத்து அழைக்கப் பழகலாமா? சட்டப்படி சரியா? சட்டம் விட்டாலும் அது நியாயமா?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜிம் கார்பெட் ஞாபகம்தான் வருகிறது. அப்பா தலைமுறை அவரைத் தி.ஜ.ர.வின் தமிழில் படித்தது. நான் இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாக இங்கிலீஷில் படித்தேன். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கார்பெட். ஆனால் அவர் வாழ்க்கையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், விசையை அழுத்திய நாட்கள் கொஞ்சம்தான். சுடாமல் காட்டில் நடந்த நாட்களே அதிகம்.

1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா தபால் நிலைய அதிகாரி. ஜிம் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். பெரிய குடும்பம். கோடையில் மலை மேல் நைனிடால், குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாதுங்கி. அந்தக் காலாதுங்கிக் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முதலில் கவண், அப்புறம் வில் அம்பு. பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த ஒரு உறவினருக்குப் பறவைகள் சேகரித்துத் தந்ததற்காக அவருக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. இரட்டைக் குழல்தான், ஆனால் ஒரு குழல் பிளந்து கிடந்தது. மிச்சமிருந்த குழலிலும் வாய் வழியாக மருந்து கெட்டித்துத்தான் சுட வேண்டும். ஒரு தடவை தவறினால் அடுத்தது சுடுவதற்குள் எந்த மிருகமும் காத்துக்கொண்டு நிற்காது.

அப்படிப்பட்ட துப்பாக்கி கையில் இருந்தால் நெருங்கிப் போகக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். காலையில் வண்டிப் பாதைப் புழுதியில் ராத்திரி யார் யார் நடந்துபோனார்கள் என்று படித்தார். புள்ளிமானும் லங்கூர் குரங்கும் மயிலும் எதைக் கண்டு எப்படிக் கத்தும் என்று காதில் ஏற்றிக்கொண்டார். அந்தக் குரல்களைத் தானும் எழுப்பக் கற்றார். இதில் பெரும்பகுதிக்குத் தோட்டாவே தேவைப்படவில்லை.

இருபது வயசு ஆகும் முன்பே ரயில்வே வேலை. பிறகு மொகாமா காட்டில் கங்கைக் கரையில் சரக்கு மாற்றி ஏற்றும் கான்ட்ராக்ட், ஏறக்குறைய இருபது வருஷம். அவருடைய வேட்டையெல்லாம் லீவு எடுத்துக்கொண்டு செய்ததுதான். இதை நம்ம ஐடி ஆட்கள் கவனிக்கணும்.

1907ல் சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அரசு கூப்பிட்டபோது கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும், அங்கே சுற்றிக்கொண்டிருந்த மற்ற வேட்டைக்காரர்களையும் சிப்பாய்களையும் திரும்பக் கூப்பிட வேண்டும். காசுக்காகச் சுடுகிறவன் என்ற பேரும் வேண்டாம், யாரோ ஒருத்தர் தன்னைத் தவறுதலாகச் சுடவும் வேண்டாம். இரண்டும் நடந்த பிறகுதான் கிளம்பினார்.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு நேரானது. புலியை விரட்டிக் கொண்டுவர ஆட்கள் வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலும் அன்றைக்குக் கண்டுகொள்ளமாட்டேன், தோட்டாவும் நானே தருகிறேன் என்று ஊருக்குத் தெரியும்படி செய்துவிட்டார் தாசில்தார். 298 பேர் வந்து சேர்ந்தார்கள். அதுவரை எங்கெங்கோ ஒளிந்திருந்த ஆயுதமெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் கார்பெட்டின் தோட்டாக்கள் தீர்ந்து, தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் காரியத்தை முடித்தார். பிறகு நைனிடால் தர்பாரில் அதே தாசில்தாருக்கு அரசு ஒரு துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தது! சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தவருக்குச் சட்டத்தின் கையாலேயே மரியாதை. அவசரம் என்று ஒன்று இருந்ததால் அது பொருந்தியது. வார இறுதிப் பொழுதுபோக்குக்கு அந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

இன்னொரு விஷயம் அந்தப் புலியின் வாயில் இருந்தது. வலது பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எவனோ சரியாகச் சுடத் தெரியாமல் சுட்ட குண்டு. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனுஷர் பக்கம் திரும்பியது என்று கார்பெட் முடிவுக்கு வந்தார். லைசென்ஸ் இருந்தவனா இல்லாதவனா என்பது அங்கே கேள்வியே இல்லை. பழகாத கை, அவ்வளவுதான். டேக் இல்லாத மாதங்களில் பழகுவதற்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை. டேக் வாங்கிய அன்றுதான் முதல்முறையாகக் காட்டில் கால் வைப்பேன் என்கிற ஆள்தான் மானைக் காயத்தோடு ஓடவிடுவான்.

கார்பெட்டைப் புனிதராக்க வேண்டியதும் இல்லை. ஆட்கொல்லிகளைத் தவிர வேறு புலியை அவர் தொட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. சரியில்லை. 1930ல் பவல்கரின் பிரம்மச்சாரி என்று பேர் பெற்ற பிரமாண்டமான ஆண்புலியைச் சுட்டார். அது யாரையும் கொன்ற புலி இல்லை. பெரிசு என்பதுதான் அதன் குற்றம். அந்த வேட்டையை அவரே எழுதி வைத்ததால்தான் நமக்கு இதைச் சொல்லவும் முடிகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் கேமராவும் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் புலிகளைப் படமெடுத்து 1927லேயே புத்தகம் போட்டிருந்தார். கார்பெட்டின் நண்பர். கார்பெட் 16 எம்.எம். சினிமா கேமராவோடு இறங்கினார். துப்பாக்கிக்குப் போதுமான தூரம் கேமராவுக்குப் போதாது, இன்னும் கிட்டே போக வேண்டும். மெஷின் ஓடும் சத்தம் கேட்டதுமே புலி விலகிப் போனது. மாதக்கணக்கில் பாடுபட்டார். காட்டு ஓடையில் சின்ன அணை கட்டி, தண்ணீர் விழும் ஓசையில் கேமராச் சத்தத்தை மறைத்தார். ஏழு புலிகளைப் படம்பிடித்தார். அவருடைய மொத்த வேட்டை ஞானமும் அங்கே வேலை செய்தது, சுடுவதைத் தவிர. கோப்பையாகத் தோல் கிடைப்பதைவிட நல்ல படம் கிடைப்பதில்தான் சந்தோஷம் அதிகம் என்று எழுதியும் வைத்தார்.

இப்போது ஒன்டாரியோ சட்டத்துக்கு வருகிறேன். 1997ன் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. பதுங்கிக் காத்திருப்பது, தேடுவது, தடம் பிடித்துப் போவது, துரத்துவது, சுடுவது எல்லாமே வேட்டை. விலங்கு செத்தால்தான் வேட்டை என்றில்லை. ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். கொல்லவோ காயப்படுத்தவோ பிடிக்கவோ தொந்தரவு செய்யவோ இல்லாமல் வேறு நோக்கத்துக்காகப் பதுங்கினால், தேடினால், தடம் போனால் அது வேட்டை ஆகாது. அந்த விலக்குக்கும் ஒரு வால் உண்டு. உன் நோக்கம் என்னவாக இருந்தாலும், அதன் விளைவாக விலங்கு கொல்லப்பட்டாலோ காயப்பட்டாலோ பிடிபட்டாலோ தொந்தரவுக்கு ஆளானாலோ, நீ செய்தது வேட்டைதான். நோக்கம், விளைவு இரண்டையும் பார்க்கிற சட்டம். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இந்த விதியின் அமைப்பு பிடிக்கும்.

ஆக, கையில் ஆயுதமில்லாமல், நில உரிமையாளரின் அனுமதியோடு, தூரத்திலிருந்து தடம் படித்துவிட்டு வருகிறவரை பிரச்சினை இல்லை. ஜனவரிப் பனியில் மான் கூட்டத்தின் பின்னாலேயே போவது வேறு கதை. குளிர்காலத்தில் மான் தன் கொழுப்பைச் செலவழித்துத்தான் உயிரோடு இருக்கிறது. ஆழமான பனியில் அதை ஒவ்வொரு தடவை ஓட வைப்பதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது. இணை சேரும் பருவத்தில் பொய்க்குரல் கொடுத்து வரவழைப்பதும் எனக்கு உவப்பில்லை. கார்பெட் 1938 நவம்பரில் தக் கிராமத்து ஆட்கொல்லியை அப்படித்தான், ஆண்புலி போலக் குரல் கொடுத்து வரவழைத்துச் சுட்டார். அப்போது அவருக்கு 63 வயசு. அங்கே கிராமமே வீட்டைவிட்டு ஓடியிருந்தது. நமக்கு என்ன அவசரம்?

இந்தியாவில் கதவு இன்னும் இறுக்கம். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை கட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். சம்பாவத்தில் 298 பேர் சேர்ந்து விரட்டினார்களே, ஒரு குண்டுகூட வெடிக்காமல் இருந்திருந்தாலும் இன்றைய சட்டத்தின் பார்வையில் அது வேட்டை.

அந்தச் சட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் இருளர்களின் பாம்பு பிடிக்கும் கலையும் சட்ட விரோதமாகும் நிலைக்கு வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. 1978ல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வனத்துறை அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடும் முறை வந்தது. அதே கண், அதே கை. பாம்பு மட்டும் சாகவில்லை. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடிக்க உதவினார்கள், 2023ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கார்பெட்டைத் தேடிக் குமாவுன் வரைக்கும் போகும் நாம் செங்கல்பட்டுப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

இரண்டாம் உலகப் போரில், எழுபதை நெருங்கும் வயசில், லெப்டினன்ட் கர்னலாகி சிந்த்வாராவில் பர்மா செல்லும் சிப்பாய்களுக்குக் காட்டில் வாழப் பயிற்சி கொடுத்தார். தடம் படிப்பது, சத்தமில்லாமல் நடப்பது, எதைத் தின்னலாம் என்பது. காலாதுங்கியில் ஒரு சிறுவன் பிளந்த துப்பாக்கியோடு கற்றதேதான் பாடத்திட்டம்.

1947 நவம்பரில் அக்கா மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19ல் நியேரியில் இறந்தார். 1936ல் ஹெய்லி தேசியப் பூங்கா என்று தொடங்கப்பட்ட காட்டுக்கு 1957ல் அவர் பெயர் வைத்தார்கள். 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். இன்று அந்தக் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெர்மிட் எடுத்து, ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு வர வேண்டும். இறங்கி நடந்து தடம் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.