கழுகுக் குன்றமும் கௌதம புத்தரும்

பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில் ராஜகிர் என்னும் ஊர் உள்ளது. பண்டைய மகத நாட்டின் தலைநகராய் விளங்கிய இராசகிருகம் இதுவே. ஐந்து மலைகள் இயற்கை மதிலாய்ச் சூழ்ந்து நிற்க, நடுவே நகரம் அமைந்திருந்தது. அம்மலைகளுள் ஒன்று கிருத்ரகூடம்; அதாவது கழுகுக் குன்றம். உச்சிப் பாறை கழுகின் வடிவில் இருப்பதால் இப்பெயர் என்பர் சிலர். கழுகுகள் அங்குத் தங்கியதால் என்பர் வேறு சிலர். (நம் கோவில்பட்டிக்கு அருகில், சமணச் சிற்பங்களால் புகழ்பெற்ற கழுகுமலை வேறு, பெயர் ஒற்றுமை கண்டு மாணவர்கள் மயங்க வேண்டா.)

அரண்மனை துறந்த சித்தார்த்தர் பிச்சைப் பாத்திரம் ஏந்தி முதன்முதல் இந்நகருக்குள் நுழைந்தபோதே மகத வேந்தன் பிம்பிசாரன் அவரைக் கண்டு வியந்தான். பாண்டவ மலையடிவாரத்தில் அமர்ந்திருந்த அவரை நாடிச்சென்று, செல்வமும் பதவியும் தருவதாகக் கூறினான். அவர் அவற்றை ஏற்கவில்லை. பின்னர்க் கயையில் மெய்யறிவு பெற்றுப் புத்தராகத் திரும்பியபோது, அரசன் வேணுவனம் என்னும் மூங்கில் தோட்டத்தைச் சங்கத்திற்கு அளித்தான். நிழலும் நீரும் நிறைந்த அந்தத் தோட்டம் இருக்கவும், புத்தர் பலமுறை இந்த மொட்டைப் பாறைக் குன்றையே தம் உறைவிடமாகக் கொண்டார். அது காடுமன்று, நகருமன்று. சிந்திக்கத் தனிமை உண்டு; காலையில் இறங்கினால் பிச்சை ஏற்க ஊரும் உண்டு.

இக்குன்றின்மேல் ஏறுவதற்குப் பிம்பிசாரன் கற்பாதை அமைத்தான் என்பது மரபு. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அப்பாதையில் இரண்டு சிறு தூபிகளைக் கண்டு குறித்துள்ளார். ஒன்று, அரசன் ஊர்தியை விட்டிறங்கி நடக்கத் தொடங்கிய இடம். மற்றொன்று, உடன்வந்த சாமானிய மக்களை மேலே வரவொட்டாமல் அவன் திருப்பியனுப்பிய இடம். அறவோனைக் காணச் செல்லும் அரசன் தன் ஊர்தியை விட்டான். தன் வழக்கத்தை விடவில்லை! இந்த இரண்டாவது தூபியை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

ஆனால் மேலிருந்தவர் கீழே இறங்கி வந்தார். இதே மகதத் தலைநகரின் வீதியில் வாடிய மலர்களைக் கூட்டி அள்ளிப் பிழைத்தவன் சுனீதன். தாழ்ந்த குடியில் பிறந்து, பலராலும் இகழப்பட்டு, எதிர்ப்பட்டோர்க்கெல்லாம் தலைகுனிந்து வாழ்ந்தவன். துறவியர் சூழ நகருக்குள் வந்த புத்தரைக் கண்டதும் காவடியை இறக்கி வைத்துவிட்டு வணங்கச் சென்றான். அவனுக்காகப் புத்தர் நடையை நிறுத்தி நின்றார். துறவு வேண்டினான், வருக என அழைத்தார். அவ்வழைப்பே அவனுக்குத் தீக்கையாயிற்று. குலம் கேட்கவில்லை, சடங்கு செய்யவில்லை. சுனீதர் தம் வாழ்வைத் தாமே பாடிய பாடல்கள் பாலி மொழித் தேரகாதையில் இன்றும் உள்ளன. அண்ணல் அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலிலும் சுனீதருக்குத் தனி இடம் உண்டு.

சோணன் என்னும் செல்வர் மகன் துறவு பூண்டு, பாதங்களில் குருதி கசியுமளவு நடந்து தவம் புரிந்தும் பயன் காணாது சோர்ந்தான். கழுகுக் குன்றிலிருந்த புத்தர் அவனிடம் சென்று, அவன் முன்னர் வாசித்துவந்த வீணையைக்கொண்டே விளக்கினார். நரம்பை மிக முறுக்கினாலும் இசை பிறவாது, தளர்த்தினாலும் பிறவாது. தேர்வு நெருங்கும்வரை நூலைத் தொடாமல், பின்னர் இரவெல்லாம் கண்விழிக்கும் நம் மாணவர்க்கும் இது பொருந்தும்.

இக்குன்றம் அவருக்கு அமைதியை மட்டும் தரவில்லை. இதன் நிழலில் உலவுகையில்தான் தேவதத்தன் பாறையை உருட்டினான். சிதறிய கல் பாதத்தைக் காயப்படுத்தியது. சொந்த உறவினனும் சீடனுமான ஒருவனே இதனைச் செய்தான்.

இறுதிக் காலத்திலும் புத்தர் இங்கேயே இருந்தார். தந்தையைக் கொன்று அரியணை ஏறிய அசாதசத்துரு, வச்சிக் குடியரசின்மீது படையெடுக்க எண்ணி, அமைச்சன் வச்சகாரனைக் குன்றுக்கு அனுப்பிக் கருத்தறிந்தான். புத்தர் நேர்விடை கூறாமல், வச்சியர் அடிக்கடி அவை கூடுகின்றனரா, ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைகின்றனரா, முதியோரை மதிக்கின்றனரா, பெண்களைக் கவர்ந்து வன்கொடுமை செய்யாதிருக்கின்றனரா என்பன போன்ற ஏழு செய்திகளை ஆனந்தரிடம் வினவினார். ஆம் என்றே விடை வந்தது. இவை உள்ளவரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்றார். உட்பகை மூட்டினாலன்றிப் போரால் அவர்களை வெல்ல இயலாது என்பதை அமைச்சன் உணர்ந்துகொண்டான். அவன் சென்றபின் நகரைச் சுற்றியிருந்த பிக்குகளையெல்லாம் குன்றின்மேல் வரவழைத்து, சங்கம் தாழாதிருக்கவும் அதுபோன்ற ஏழு நெறிகளைப் புத்தர் கற்பித்தார். இருபத்தைந்தாண்டு கண்ட நம் சங்கத்தின் பொதுக்குழுவில் வருகை குறையும்போதெல்லாம் அந்த முதற் கேள்வியே என் நினைவுக்கு வருகிறது.

அதன்பின் அவர் வடக்கே புறப்பட்டார். நாளந்தாவும் வைசாலியும் கடந்து குசிநகரத்தில் பரிநிர்வாணம் எய்தினார். கழுகுக் குன்றுக்குத் திரும்பவில்லை. சில திங்களுக்குப் பின் அதே இராசகிருகத்தில், வைபார மலையின் சப்தபரணிக் குகையருகே, ஐந்நூறு பிக்குகள் கூடி அவர் போதனைகளைத் தொகுத்தனர் என்பது மரபு. சங்கத்தின் ஒழுக்க விதிகளை உரைக்க அங்கே எழுந்தவர் உபாலி. பிறப்பால் நாவிதர். அந்தணரும் அரச குலத்தாரும் அமர்ந்திருந்த அவையில், மகா காசியபர் ஒவ்வொரு விதியாக வினவ, உபாலி விடையிறுத்தார்.