ஏடேந்தி நாடு கண்ட கன்னிங்காம்

புத்தர் பெருமான் நடந்து திரிந்த நாட்டிலேயே, அவர் தங்கிய ஊர்கள் எவையென்று அறியாதிருந்த காலம் ஒன்றுண்டு. சாவத்தி எங்கே, நாலந்தா எங்கே என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். மண்மேடுகள் இருந்தன, அவற்றின் பழம்பெயர்கள் மறைந்து போயின. அம்மறதியை நீக்கியவருள் முதல்வராக எண்ணத்தக்கவர் அலெக்சாந்தர் கன்னிங்காம்.

1814ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்த அவர், 1833இல் கம்பெனிப் படையின் பொறியாளராக இந்தியா போந்தார். பழங்காசுகளையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நட்பு அவருக்குக் கிட்டிற்று. 1835இல், இருபத்தோராம் வயதில், காசிக்கு அருகே சாரநாத்தில் அகழ்வு நடத்தினார்.

அக்காலத்தில்தான் சீன யாத்திரிகர் பாஹியானின் பயணநூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. பின்னர் யுவான் சுவாங்கின் நூலும் வந்தது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அத்துறவியர் எழுதி வைத்திருந்தனர். அவ்வேட்டையே வழிகாட்டியாகக் கொண்டு கன்னிங்காம் புறப்பட்டார். 1842இல் சங்காசியத்தைக் கண்டறிந்தார். 1861இல் படைத்துறையினின்று ஓய்வு பெற்ற ஆண்டிலேயே அரசாங்கத்தின் தொல்பொருள் ஆய்வாளர் ஆனார். சாகேத்-மாகேத் என்னும் இடமே சாவத்தி என்று துணிந்தார். அங்கே கிடைத்த பெரிய போதிசத்துவர் சிலையின் எழுத்துக்களில் அவ்வூர்ப் பெயரே இருந்தது. நாலந்தா, குசிநகரம், கோசாம்பி ஆகியவையும் இவ்வாறே உறுதி பெற்றன. 1871இல் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராகி, 1885 வரை பணியாற்றினார். 1873இல் பார்குத் தூபியின் சிற்பவேலியைக் கண்டெடுத்தார்.

குறையற்றவர் என்று அவரைக் கூறுவதற்கில்லை. 1851இல் சாஞ்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவரும் மெய்சி என்பவரும் திறந்த தூபிகளில் சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் தாதுக்கள் கிடைத்தன. அவை இங்கிலாந்து சென்றன. அங்கிருந்து மீண்டவை 1952இல்தான் சாஞ்சியின் புதிய விகாரையில் வைக்கப்பெற்றன. சாரநாத்தில் அவர் விட்டுச்சென்ற சிலைகள் பல, பின்னர் வருணை ஆற்றுப் பாலவேலைக்கு ஆற்றில் இடப்பட்டன. அரப்பாவுக்கு அவர் பன்முறை சென்றும் அதன் பழமையை உணரவில்லை. இலாகூர்-முல்தான் இருப்புப்பாதைக்கு அதன் செங்கற்கள் வாரிச் செல்லப்பட்டன. நேரிற் சென்றால் மட்டும் போதாது. முன்கூட்டிய கருத்தை ஒதுக்கிவிட்டுக் காணவும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1892இல் புத்தகயைக் கோயிலைப் பற்றிய மகாபோதி என்னும் நூலை வெளியிட்டு, மறு ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இலண்டனில் காலமானார். லும்பினி வெளிப்பட்டது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே.

அன்பர்களே! கன்னிங்காமின் ஆய்வு பெரும்பாலும் வடநாட்டளவில் நின்றது. தென்னாட்டில் தேடுவாரின்றி அழிந்தவை பல. நாகப்பட்டினத்தில் நெடுங்காலம் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. எனினும் எஞ்சியவை இல்லாமல் இல்லை. காக்கநாட்டில் வாழும் நாம் தெற்கே அம்பலப்புழை செல்லும் வழியைப் பிடித்தால், கருமாடியில் கருங்கற் புத்தர் அமர்ந்திருக்கக் காணலாம். இடப்பாகம் சிதைந்தும் தியானம் கலையாத திருவுருவம் அது. ஊரார் அதனைக் கருமாடிக்குட்டன் என்று அழைக்கின்றனர்.

நம் முன்னோர் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்டு மட்டும் நம்பவேண்டியதில்லை. ஆராய்ந்து பார்த்து ஏற்பதே நம் அறநெறி. எனவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கருமாடிக்குச் செல்வீர்! கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். சிலை நோக்கும் திசை, அதன் உயரம், ஊரார் கூறும் கதை ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுவீர்! பாஹியானும் யுவான் சுவாங்கும் எழுதி வைத்ததனாலன்றோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வந்த ஒருவர் வழி கண்டார்!