காவி உடுத்திய இத்தாலியப் பாதிரியார்: நொபிலி விவகாரம் ரோம் வரை போனது ஏன்?

பிற சபைகளோடும் மதங்களோடும் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? திருச்சபைப் போதனைக்கு உண்மையாக இருக்க, எங்கே நிறுத்திக்கணும்? கத்தோலிக்கர்களிடையே இன்னும் ஓயாத விவாதம் இது. 400 வருஷத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் இதே மாதிரி ஒரு கேள்வியால் விசாரணையைச் சந்தித்தவர் ராபர்ட் டி நொபிலி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, அதே கடற்கரையில் இருக்கும் மயிலாப்பூரில்தான் அவர் கடைசி நாட்கள் கழிந்தன.

யார் இவர்?

1577-ல் ரோமில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டு எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தார். 1605-ல் கோவா வந்தவர், அடுத்த வருஷமே மதுரைக்குப் போனார்.

மதுரையில் என்ன செய்தார்?

அங்கே ஏற்கெனவே இருந்த பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் பல வருஷம் உழைத்தும் உள்ளூர் மக்கள் மதம் மாற முன்வரவில்லை. கிறிஸ்தவர் ஆவதென்றால் 'பரங்கி' ஆவது என்றே மக்கள் நினைத்தார்கள். மாட்டிறைச்சி, மது, போர்ச்சுக்கீசிய உடை எல்லாம் அதோடு சேர்ந்தே வரும் என்பது அவர்கள் எண்ணம்.

நொபிலி ரூட்டை மாற்றினார். காவி உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார். தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு கற்றார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனத்தை விட வேண்டியதில்லை என்றார். இவையெல்லாம் சமூக அடையாளங்கள்தான், மத நம்பிக்கை இல்லை என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

முதல் புகார் சொந்த சபையிலிருந்தே, பெர்னாண்டஸிடமிருந்தே வந்தது. பூணூல் இந்து மதச் சின்னம், அதை அனுமதிப்பது விசுவாசத்துக்குத் துரோகம் என்றார்கள். 1619-ல் கோவாவில் கூடிய மாநாட்டிலும் பெரும்பான்மை அவருக்கு எதிர்தான். ஆனால் 1623-ல் திருத்தந்தை 15-ம் கிரகோரி, நிபந்தனைகளோடு நொபிலிக்கு அனுமதி தந்தார்.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. பார்வை மங்கிய நொபிலி 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். 1704-ல் ரோமின் தூதர் டூர்னோன் புதுச்சேரியில் பல உள்ளூர் வழக்கங்களுக்குத் தடை போட்டார். 1744-ல் திருத்தந்தை 14-ம் பெனடிக்ட் அந்த விவகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இந்த வழக்கங்களைப் பின்பற்ற மாட்டோம் என்று மறைபணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-ல்தான் விலக்கப்பட்டது. 1962-65-ல் நடந்த 2-ம் வத்திக்கான் சங்கம் பிற சபைகள், பிற மதங்களோடு உரையாடலுக்குக் கதவைத் திறந்தது. தாய்மொழியில் திருப்பலிக்கும் அதுவே வழிசெய்தது. இன்று செங்கல்பட்டு மறைமாவட்ட ஆலயங்களில் தமிழ்த் திருப்பலி சாதாரண விஷயம்.

இதில் சிக்கல் என்ன?

சாதிதான். பூணூலைச் சமூக வழக்கம் என்று ஏற்றபோது, அதோடு ஏற்றத்தாழ்வும் உள்ளே வந்துவிட்டது. உயர் சாதியினருக்கு ஒரு வகை, மற்றவர்களுக்கு வேறு வகை என்று மறைபணியாளர்களே பிரிந்து பணியாற்றினார்கள். தாழ்த்தப்பட்டவர்களை ஆலயத்தில் இகழக் கூடாது என்று 1623 அனுமதியிலேயே திருத்தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் தமிழகத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் இன்னும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன.

எந்த வழக்கத்தை ஏற்கலாம் என்று நொபிலியின் காலத்தில் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். அது யாருடைய வழக்கம், அதனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. இன்றைய விவாதத்திலும் அதைக் கேட்டாக வேண்டும்.