பல்லக்கிலிருந்து இறங்கியவர்

தென்னாசார்ய சம்பிரதாயத்தார் அருளிச்செயல் தொடங்குமுன் அனுசந்திக்கும் மணவாள மாமுனிகளின் தனியன், மாமுனிகளைச் சொல்லுமுன் அவருடைய ஆசாரியரைச் சொல்கிறது. ஸ்ரீசைலேசர் என்னும் திருமலையாழ்வாரே அவர். பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை என்று திருநாமம் பெற்றவர். நாள்தோறும் நம் நாவில் முதலாவதாக வரும் அந்தத் திருநாமத்துக்கு உரியவர், ஒரு காலத்தில் ஆசாரிய சம்பந்தத்தையே மறந்து அரசபோகத்தில் ஆழ்ந்திருந்தார்.

மதுரையை அடுத்த குந்தீநகரத்தில், இன்று கீழடி அகழாய்வுச் செய்திகளில் அடிபடும் அதே கொந்தகையில், வைகாசி விசாகத்தில் அவதரித்தவர் இவர். நம்மாழ்வாரின் திருநட்சத்திரமும் அதுவே. இளமையிலேயே பிள்ளை லோகாசாரியரின் திருவடிகளை ஆச்ரயித்தார். ஆனால் தமிழ்ப் புலமையும் நிர்வாகத் திறமையும் அவரைப் பாண்டியனின் அரசவைக்கு இழுத்துச் சென்றன. அரசன் மறைந்தபின் இளவரசன் சிறுவனாக இருந்தமையால், அரசியின் நம்பிக்கைக்குரியவராய் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் அவரே சுமந்தார்.

எம்பெருமான் வேண்டாம் என்று சொல்லி ஓடுபவர் உலகில் மிகச் சிலர். கடமை என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுபவரே அதிகம். வங்கிப் பணியில் பல்லாண்டு கழித்த நாம் இத்தகையோர் பலரைக் கண்டிருக்கிறோம். ஆண்டுக் கணக்கு முடியட்டும், தணிக்கை முடியட்டும், அடுத்த பதவி உயர்வு வரட்டும் என்பார்கள். திருமலையாழ்வாரும் தீயவர் அல்லர். நேர்மையாக நாட்டைக் காத்தவர். அந்த நேர்மையே அவருக்கு மறைவிடமாயிற்று என்பது நமது எண்ணம்.

1323-இல் திருவரங்கத்தின்மேல் தில்லிப் படை வந்தது. நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே வந்த பிள்ளை லோகாசாரியர், முதுமையும் வழிநடையும் வருத்த, மதுரை ஆனைமலையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் தங்கினார். அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். மதுரை அரண்மனைக்கும் அந்த ஊருக்கும் இடையே ஒரு காலைப்பொழுது நடைதான். சீடர் வரவில்லை. ஆசாரியரோ அவரை மறக்கவில்லை. பெருமாளே ஊர் விட்டு ஊர் ஒளிந்திருக்கும் காலத்தில், தம் அந்திம தசையில், திருமலையாழ்வாரைத் திருத்தி மீட்கும்படி கூரகுலோத்தம தாசர் முதலானோருக்கு நியமித்தார். நாமாக இருந்தால் வாராக்கடன் என்று எழுதித் தள்ளியிருப்போம்.

தாசர் மதுரைக்கு வந்தார். திருமலையாழ்வாரின் பல்லக்கு வரும் வழியில் நின்று திருவிருத்தத்தை அனுசந்தித்தார். பழைய வாசனை உள்ளே கிளர்ந்திருக்க வேண்டும். பல்லக்கை நிறுத்தி, பாசுரத்துக்குப் பொருள் கேட்டார் அமைச்சர். தாசர் பொருள் சொல்லவில்லை. அவர்மேல் உமிழ்ந்தார். காவலர் தாசரை அடிக்கப் பாய்ந்தனர். திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

பெரியோரின் செயலா இது என்று சிலர் தயங்கலாம். பல்லக்கில் சாய்ந்தபடி, அரசாங்க வேலைகளுக்கு நடுவே, அதையும் ஒரு செய்தியாகக் கேட்டுப் போகக்கூடிய பொருள் அன்று அது. கனிவாகச் சொல்லியிருந்தால் தலையசைத்துப் பாராட்டி, பொற்காசு கொடுத்து அனுப்பியிருப்பார். தாசரோ தம் உயிருக்கே ஆபத்து வரும் என்று அறிந்தே அங்கு நின்றார்.

நடந்ததைக் கேட்ட சிறிய தாயார், பிள்ளை லோகாசாரியரோடு அவருக்கிருந்த சம்பந்தத்தை நினைவூட்டினார். அதன்பின் திருமலையாழ்வாரால் நிலைகொள்ள முடியவில்லை. மற்றொரு நாள் யானைமேல் வரும்போது தாசரைக் கண்டார். உடனே இறங்கி, தெருவென்றும் பாராமல் அவர் திருவடிகளில் விழுந்தார். தாசர் அவரை எடுத்து அணைத்துக்கொண்டார்.

ஆயினும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. காலையில் திருமண்காப்பு சாற்றிக்கொள்ளும் நேரத்தில் மட்டும் தாசரிடம் அர்த்தம் கேட்பது என்று ஏற்பாடாயிற்று. ஒருநாள் அரசகாரியம் குறுக்கிட, மனம் அதில் சென்றது. தாசர் வருவதை நிறுத்திவிட்டார். திருமலையாழ்வார் தேடிச் சென்று மீண்டும் திருவடிகளில் விழுந்தார். தாசர் தாம் அமுதுசெய்த சேஷத்தை அவருக்கு அளித்தார். இரண்டாம் வாய்ப்பையும் நழுவவிட்டவருக்கு மூன்றாவதும் கிடைத்தது. அந்தப் பிரசாதத்தோடு அரசபோகத்தில் பற்று அறுந்தது. அரசியும் அவரைத் தடுக்கவில்லை.

பிறகு அவர் கற்ற வேகம் வியப்பானது. திருக்கண்ணங்குடிப் பிள்ளையிடம் திருவாய்மொழியின் பொருளையும், நாலூராச்சான் பிள்ளையிடம் ஈட்டையும், விளாஞ்சோலைப் பிள்ளையிடம் ஸ்ரீவசனபூஷணத்தையும் கேட்டறிந்தார். சிறப்பாகத் திருவாய்மொழியிலேயே ஊன்றி நின்றதால் அதுவே அவர் திருநாமமாயிற்று.

அடுத்து அவரை அழைத்தது பொருநைக்கரை. இங்கே முக்கூடலைத் தொட்டு ஓடும் ஆறு, திருநெல்வேலியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் கடந்து ஆழ்வார்திருநகரியை அடைகிறது. அந்நாளில் அந்தத் திருநகரி காடு மண்டிக் கிடந்தது. படையெடுப்புக்கு அஞ்சி ஊரை விட்டு எழுந்தருளிய நம்மாழ்வார், கோழிக்கோடு வரை சென்று, பின் கன்னட நாட்டுத் திருக்கணாம்பியில் இருந்தார். பிள்ளை காட்டைத் திருத்தி ஊராக்கினார். காடுவெட்டி குரு என்ற பெயரும் இதனால் வந்தது. அமைச்சராய் இருந்து பழகிய நிர்வாகத் திறமை அத்தனையும் இப்போது ஆழ்வாருக்கு அடிமை செய்தது. திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளப்பண்ணினார். திருநகரியின் மேற்கே எம்பெருமானாருக்குச் சன்னிதியும், அதைச் சூழ வீதிகளும் அமைத்தார்.

அந்த ஊருக்குத்தான் சிக்கில் கிடாரத்திலிருந்து ஓர் இளைஞர் பாடம் கேட்க வந்தார். 1370-இல் திருநகரியிலேயே அவதரித்த அவரே அழகிய மணவாளர். பிள்ளை தாம் பெற்றதையெல்லாம் அவருக்கு அளித்தார். தம் இறுதிக் காலத்தில், திருவரங்கம் சென்று ஆழ்வாரின் அருளிச்செயலையே முக்கியமாக உபதேசிக்க வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, திருநாட்டுக்கு எழுந்தருளினார்.