எவரிஸ்ற் கல்வா

சிறுவர் சுழற்றி விளையாடும் ரூபிக் சதுரமுகி 1974ஆம் ஆண்டில் அங்கேரியிலே தோன்றியது. அதன் கணிதத்துக்கு வித்திட்ட எவரிஸ்ற் கல்வாவோ அதற்கு 142 ஆண்டுகளின் முன்னரே மாண்டவர்.

1811ஆம் ஆண்டு ஒக்டோபர் 25இல் பாரிசு நகரின் அயலூரொன்றிற் பிறந்த இவர், புகழ்பெற்ற பொலிரெக்னிக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் இருமுறை தவறினார். இரண்டாம் முறை, தந்தையார் தற்கொலை செய்த துயர் ஆறுமுன் எழுதியது. 1830இல் விஞ்ஞானக் கழகத்துக்கு விடுத்த கட்டுரை, அதனை வைத்திருந்த பூரியே இறந்தமையாற் காணாமற்போயிற்று. மீண்டும் எழுதியதை விளங்கவில்லையெனப் புவாசோன் திருப்பினார்.

ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் இல்லையென ஆபெல் முன்னரே நிறுவியிருந்தார். எது தீரும், எது தீராது என்பதன் காரணத்தைக் கண்டவர் கல்வா. மூலங்களை இடம்மாற்றும் வழிகளை ஒரு கூட்டமாகக் கொண்டு, அக்கூட்டத்தின் அமைப்பை ஆராய்ந்தார். சதுரமுகியின் திருப்பங்களும் அத்தகைய கூட்டமே. வலமுகத்தை முதலில் திருப்புவதும் மேன்முகத்தை முதலில் திருப்புவதும் ஒரே பயனைத் தாரா. எனினும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதனை அழிக்கும் எதிர்த்திருப்பம் உண்டு. ஆதலின், திருப்பித் திருப்பி அடையும் 43,252,003,274,489,856,000 நிலைகளும் தீர்வனவே. எந்நிலைக்கும் 20 திருப்பங்கள் போதுமென 2010இல் நிறுவப்பட்டது.

குடியரசுக் கொள்கையாற் சிறைசென்ற கல்வா, 1832 மே 30இல் துப்பாக்கிப் போரிற் காயமுற்று மறுநாள் இறந்தார், வயது 20. போருக்கு முன்னிரவில் யாவும் கண்டாரென்பது மிகை. நெடுநாள் உழைத்தவற்றைத் திருத்தி, நண்பர் செவாலியேக்கு மடல் வரைந்தார் என்பதே உண்மை. அவ்வேடுகளை 1846இல் லியூவில் பதிப்பித்தார்.